கோரிக்கையோடு செல்லும் வரிகள்: ஜாவாவில் ஹெடர் எழுதும் தொழில்

ஜாவா நிரல் ஒன்று இணையத்தின் வழியே வேறொரு கணினியிடம் ஏதேனும் கேட்கும்போது, கேட்கப்படும் பொருளின் முகவரியை மட்டும் அனுப்புவதில்லை. கேட்பவர் யார், விடை எந்த வடிவில் வேண்டும், கேட்கும் உரிமை அவருக்கு உண்டா என்பன போன்ற செய்திகளையும் பெயரும் மதிப்புமாக அமைந்த சிறு வரிகளில் எழுதிக் கூடவே அனுப்புகிறது. இவ்வரிகளையே இத்தொழிலில் ஹெடர் என்று வழங்குவர். இவை செல்லும் பரிமாற்ற நெறியான எச்டிடிபியின் 1.0 பதிப்பு, இணைய நெறிகளை வகுத்துரைக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 1945 என்ற எண்ணோடு 1996 மே மாதம் வெளிவந்தது. ஜாவாவின் முதல் பதிப்பு அதே ஆண்டு ஜனவரியிலேயே வெளிவந்துவிட்டது. நெறி முழுமையாக உருப்பெறுவதற்கு முன்பே அதைப் பேசும் நூலகம் எழுதப்பட்டது என்னும் இந்த வரலாற்று உண்மை, ஜாவாவின் பழைய வலைநூலகத்தில் இன்றும் காணப்படும் பல புதிரான இயல்புகளைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

நிரலில் எழுதிய ஹெடரே எதிர்முனையில் படிக்கப்படும் என்னும் நம்பிக்கை இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர் அனைவரிடமும் இருக்கிறது. அந்த நம்பிக்கை தளர்ந்த பிறகுதான் அவர்கள் தொழில் கற்கத் தொடங்குகிறார்கள். எழுதியவரின் கைக்கும் படிப்பவரின் கண்ணுக்கும் இடையே ஜாவாவின் நூலகம், இடைநின்று அனுப்பும் ப்ராக்ஸி, வாயிலில் நிற்கும் வலைச்சர்வர், அதன் பின்னே இயங்கும் செயலி எனப் பல கைகள் உள்ளன. சரக்கு லாரியோடு செல்லும் வழிச்சீட்டை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒருவர் வாங்கிப் பார்த்து, சிலர் முத்திரை குத்தி, சிலர் ஒரு தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு அனுப்புவது போல, இக்கைகள் ஒவ்வொன்றும் சில வரிகளைச் சேர்க்கும், சிலவற்றை நீக்கும், சிலவற்றின் உருவை மாற்றும். எந்தக் கை எதைத் தொடும் என்று அறிந்திருப்பதே இத்தொழிலின் பெரும்பகுதி. ஹெடரை எழுதும் கட்டளை ஒரு வரிதான், அதை எவரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம்.

சொந்தமாக ஹெடர் எழுத வேண்டிய தேவை பலவகைப்படும். அடையாளச் சான்றாகிய டோக்கனை ஆதரைசேஷன் என்னும் ஹெடரில் வைப்பது மிகப் பொதுவானது. ஒரு கோரிக்கை பல சர்வர்களைக் கடந்து செல்லும் தடத்தைப் பின்தொடர 55 எழுத்துகள் கொண்ட ட்ரேஸ்பேரன்ட் என்னும் ஹெடரை வைப்பதற்கு வலைத்தர அமைப்பான டபிள்யூ3சி 2020 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. பணப் பரிமாற்றச் சேவைகளில் ஒரே கட்டளை இருமுறை நிறைவேறாதிருக்க ஒரு தனி அடையாளக் குறியை ஹெடராக அனுப்புவதும் வழக்கில் உள்ளது. நிறுவனங்கள் தாமே பெயரிட்டுக்கொள்ளும் ஹெடர்களுக்கு முன்னால் எக்ஸ் என்ற எழுத்தையும் ஒரு சிறுகோட்டையும் சேர்ப்பது முன்பு மரபாக இருந்தது. சோதனைக்கென வைத்த பெயர்கள் நிலைத்துவிட்டபின் அவற்றை மாற்ற முடியாமற்போவதைக் கண்டு, 2012 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 6648 இம்மரபைக் கைவிடுமாறு கூறியது. ஆயினும் கிட்ஹப் தன் சேவையின் பதிப்பைக் குறிப்பிட 2022-11-28 என்ற நாளை மதிப்பாகக் கொண்ட ஹெடரை அறிமுகப்படுத்தியபோது அதன் பெயரையும் எக்ஸ் என்றே தொடங்கியது என்பதிலிருந்து, இத்துறையில் பழக்கம் ஆவணத்தைவிட வலிமையானது என்பது விளங்கும்.

ஜாவாவின் பழைய நூலகத்தில் இப்பணிக்கு உரியது எச்டிடிபி-யூஆர்எல்-கனெக்‌ஷன் என்னும் கிளாஸ்; அது 1997-இல் வந்த 1.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. இதைப் பயன்படுத்துவோர் முதலில் அறிய வேண்டியது, ‘ஓப்பன் கனெக்‌ஷன்’ என்று பெயர் பெற்ற மெத்தட் எந்த இணைப்பையும் திறப்பதில்லை என்பதாகும். அது ஒரு கருவிப்பொருளை உருவாக்கித் தருவதோடு நின்றுவிடும். மறுமொழியின் நிலை எண்ணைக் கேட்கும்போதோ, உள்ளீட்டு ஓடையைப் பெறும்போதோ, அனுப்பவேண்டிய உடற்பகுதியை எழுதுவதற்காக வெளியீட்டு ஓடையைத் திறக்கும்போதோதான் உண்மையான இணைப்பு நிகழும். அதன்பின் ஹெடர் எழுத முற்பட்டால், இணைப்பு ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது என்னும் எக்ஸெப்ஷன் எழும். உடற்பகுதியை எழுதிவிட்டு ஹெடரை நினைவுகூர்வோரும், பிழைதேடும்போது இடையில் நிலை எண்ணை அச்சிட்டுப் பார்ப்போரும் இந்த இடத்தில் தவறாமல் சிக்கிக்கொள்வர்.

எழுதுவதற்கு இரண்டு மெத்தட்கள் உள்ளன. ‘செட் ரிக்வெஸ்ட் ப்ராப்பர்ட்டி’ என்பது அதே பெயரில் முன்பிருந்த மதிப்பை அழித்துப் புதியதை வைக்கிறது. 2002-இல் வந்த 1.4 பதிப்பில் சேர்ந்த ‘ஆட் ரிக்வெஸ்ட் ப்ராப்பர்ட்டி’ முன்பிருந்ததை விட்டுவிட்டு இன்னொன்றைக் கூட்டுகிறது. ஒரே பெயரில் இரு ஆதரைசேஷன் வரிகள் சென்றால் சில சர்வர்கள் முதலாவதையும் சில கடைசியையும் எடுத்துக்கொள்ளும், சில கோரிக்கையையே நிராகரிக்கும் என்பதால், மதிப்பு ஒன்றே இருக்கவேண்டிய ஹெடருக்கு முன்னதையே பயன்படுத்துவது நல்லது.

இக்கிளாஸின் இயல்புகளுள் மிகவும் துன்பம் தருவது, சில ஹெடர்களை அது ஓசையின்றிக் கைவிடுவதாகும். 2010 அக்டோபரில் வந்த ஜாவா 6-இன் பாதுகாப்புத் திருத்தத்தோடு ஹோஸ்ட், ஆரிஜின், கன்டென்ட்-லெங்த், டிரான்ஸ்ஃபர்-என்கோடிங், அப்கிரேட் முதலியவை தடைசெய்யப்பட்ட பட்டியலில் இடம்பெற்றன. உலாவிக்குள் இயங்கிய ஆப்லெட்கள் என்னும் சிறுநிரல்கள் தம்மை வேறொருவராகக் காட்டி இவ்வரிகளைப் பொய்யாக எழுதக்கூடும் என்ற அச்சம் அக்காலத்தில் நியாயமானதே. குறிப்பாக, உடற்பகுதியின் நீளத்தை இருவேறு வரிகள் இருவேறு விதமாகச் சொன்னால், முன்னே நிற்கும் ப்ராக்ஸி ஒன்றையும் பின்னே நிற்கும் சர்வர் மற்றொன்றையும் நம்பி, ஒரு கோரிக்கைக்குள் இன்னொரு கோரிக்கையைக் கடத்திச் செல்ல வழி திறந்துவிடும். ஆகவே தடை சரி. தடுத்ததைச் சொல்லாமல் விட்டதே குறை. நிரல் பிழையின்றி ஓடுகிறது, மெத்தட் எக்ஸெப்ஷன் எதையும் எழுப்பவில்லை, ஆனால் எழுதிய வரி மட்டும் செல்லவில்லை என்னும் நிலையில், ஒரே முகவரியில் பல தளங்களை வைத்திருக்கும் சர்வரைச் சோதிக்க ஹோஸ்ட் ஹெடரை மாற்றி எழுதியவர் எதிர்முனையையே சந்தேகிப்பார். இத்தடையை நீக்கும் அமைப்பு விசை ஒன்று உண்டு என்றாலும், அக்கிளாஸ் நினைவகத்தில் ஏறும் தருணத்தில் ஒரே ஒரு முறைதான் அது படிக்கப்படுகிறது. ஆதலால் நிரலின் நடுவே அதை அமைத்தால் பயன் விளையாமற்போகலாம், நிரலைத் தொடங்கும் கட்டளையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. ஆதரைசேஷன் ஹெடரை எழுதிவிட்டு, எழுதியது பதிந்ததா என்று அதே கிளாஸிடம் திருப்பிக் கேட்டால், மதிப்பு ஏதுமில்லை என்று பொருள்படும் ‘நல்’ விடையாக வரும். இரகசியங்களை நிரலின் பிற பகுதிகள் படித்துவிடக்கூடாது என்பதற்காக நூலகம் அவற்றைக் காட்ட மறுக்கிறதேயன்றி, அவை கோரிக்கையோடு ஒழுங்காகவே செல்கின்றன. சென்ற வரி சொல்லப்படாமலும், செல்லாத வரி எழுதப்பட்டதுபோலத் தோன்றியும் இருக்கும் ஒரு கிளாஸை நிரலின் உள்ளிருந்தபடியே சோதித்து முடிவுக்கு வர இயலாது என்பதைப் பழகியவர்கள் விரைவில் உணர்ந்துவிடுகிறார்கள்.

பேட்ச் என்னும் வினைவகையை இக்கிளாஸ் ஏற்பதில்லை என்பதும், காத்திருப்பு வரம்பு அமைக்காவிட்டால் அது முடிவின்றிக் காத்திருக்கும் என்பதும் பலர் அறிந்தவையே. இக்குறைகளால் இரண்டாயிரங்களில் அப்பாச்சி அமைப்பின் எச்டிடிபி நூலகமும், பின்னர் ஓகேஎச்டிடிபி என்னும் நூலகமும் ஜாவா உலகில் பரவின. பணிமனைகளில் பல ஆண்டுகள் இவையே நடைமுறைத் தரமாக இருந்தன.

ஜாவாவே தந்த தீர்வு, 2017-இல் 9-ஆம் பதிப்பில் சோதனை வடிவில் வந்து 2018 செப்டம்பரில் 11-ஆம் பதிப்பில் நிலைபெற்ற எச்டிடிபி-கிளையன்ட் ஆகும். இதில் கோரிக்கை என்பது, கட்டுவிப்பான் எனத்தகும் பில்டர் ஒன்றால் வரி வரியாகச் சேர்த்துக் கட்டி முடித்தபின் மாற்ற முடியாத பொருளாக அமைகிறது. ஆதலால் இணைப்பு நிகழ்ந்தபின் ஹெடர் எழுதும் பிழைக்கே இடமில்லை. பெயரிடலில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது: ‘ஹெடர்’ என்னும் மெத்தட் மதிப்பைக் கூட்டுகிறது, ‘செட் ஹெடர்’ என்பதே பழையதை அழித்து எழுதுகிறது. மறுமுயற்சியின்போது அதே பில்டரில் முன்னதைக் கொண்டு புதிய டோக்கனைச் சேர்ப்பவர், காலாவதியான டோக்கனையும் உடன் அனுப்பிவிடுகிறார். தடைசெய்யப்பட்ட ஹெடரை எழுதினால் இக்கிளாஸ் ஓசையின்றிக் கைவிடாமல் உடனே எக்ஸெப்ஷன் எழுப்புகிறது. 12-ஆம் பதிப்பிலிருந்து தடைப்பட்டியல் சுருங்கி, கனெக்‌ஷன், கன்டென்ட்-லெங்த், எக்ஸ்பெக்ட், ஹோஸ்ட், அப்கிரேட் ஆகியவை மட்டும் எஞ்சின. வேண்டியவற்றைப் பெயர் சொல்லித் திறந்துவிடும் அமைப்பு விசையும் வந்தது. பிழையை எழுதிய இடத்திலேயே உரக்கச் சொல்லும் இந்த ஒரு பண்புக்காகவே புதிய கிளாஸைத் தேர்வதில் தவறில்லை.

ஆனால் புதிய கிளாஸும் தானாகச் சில வரிகளைச் சேர்க்கிறது. அது இயல்பாகவே எச்டிடிபியின் இரண்டாம் பதிப்பைப் பேச விழைவதால், மறையாக்கம் இல்லாத சாதாரண முகவரிக்குச் செல்லும் கோரிக்கையில், பதிப்பை உயர்த்திக்கொள்ளலாமா என்று வினவும் அப்கிரேட் முதலிய வரிகளைத் தானே எழுதுகிறது. அவ்வரிகளை எதிர்பாராத பழைய சர்வர்கள் சில குழம்பிப்போகும். நிரலில் அப்படி எதுவுமே எழுதப்படாத நிலையில் இப்பிழையின் காரணத்தைத் தேடுவது கடினம், பதிப்பு 1.1 என்று வெளிப்படையாகக் குறித்துவிட்டால் சிக்கல் தீரும். இரண்டாம் பதிப்பில் ஹெடர்களின் பெயர்கள் அனைத்தும் சிறிய எழுத்திலேயே செல்ல வேண்டும் என்பது விதி. பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கக்கூடாது என்று நெறி தொடக்கம் முதலே கூறிவந்தாலும், பார்க்கும் செயலிகள் இருக்கவே செய்தன. அவை பல ஆண்டுகள் சரியாக இயங்கிவிட்டு, கேட்பவர் புதிய நூலகத்துக்கு மாறிய அன்று திடீரென நின்றுவிடும்.

ஜாவாவை விட்டு வெளியேறிய பிறகும் ஹெடருக்கு இடர்கள் உண்டு. பரவலாகப் பயன்படும் என்ஜின்எக்ஸ் வலைச்சர்வர், பெயரில் அடிக்கோடு உள்ள ஹெடர்களை இயல்பு அமைப்பில் ஏற்காமல் விட்டுவிடுகிறது. பழைய சிஜிஐ முறையில் ஹெடரின் பெயரிலுள்ள சிறுகோடு அடிக்கோடாக மாற்றப்பட்டே செயலிக்குத் தரப்பட்டதால், சிறுகோட்டுப் பெயரும் அடிக்கோட்டுப் பெயரும் ஒன்றாகிவிடும் என்பதும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை நுழைத்து ஏமாற்றலாம் என்பதும் இதற்குக் காரணம். தன் கணினியில் செயலியோடு நேரடியாகப் பேசும்போது சரியாகச் சென்ற ஹெடர், நிறுவனத்தின் சர்வரில் ஏற்றியபின் மறைந்துபோகிறது என்று எவரேனும் முறையிட்டால், அனுபவம் உள்ளவர் முதலில் கேட்கும் கேள்வி பெயரில் அடிக்கோடு இருக்கிறதா என்பதுதான். அளவும் ஓர் எல்லையே: டாம்கேட் சர்வர் இயல்பாக 8 கிலோபைட் வரையிலான ஹெடர்த்தொகுதியை ஏற்கிறது. பயனரின் உரிமைகள் அனைத்தையும் டோக்கனுக்குள்ளேயே எழுதிவைக்கும் வழக்கம் பரவியபின், பணியாளர் ஒருவருக்குப் பொறுப்புகள் கூடக்கூட அவருடைய டோக்கனும் நீண்டு, ஒரு நாள் அவருக்கு மட்டும் செயலி வேலை செய்யாமற்போவது உண்டு. இதைத் தெரிவிப்பதற்கென 431 என்ற நிலை எண்ணை 2012-இல் ஆர்எஃப்சி 6585 வகுத்தது. ஆயினும் வெறும் 400 என்ற பொதுப்பிழையாகவே பல இடங்களில் வந்து சேர்கிறது.

ஹெடரின் மதிப்பு எழுத்துகளால் ஆனது என்றாலும், எல்லா எழுத்தும் அதில் செல்லாது. பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் பேஸ்64 என்னும் முறையில் மாற்றி எழுதும் எளிய சான்றுமுறைக்கு, 2014-இல் 8-ஆம் பதிப்பு வரும்வரை ஜாவாவில் முறையான பொதுக்கருவி இல்லை. பலரும் ஜாவாவின் உட்பகுதிக்குரிய, வெளியார் பயன்பாட்டுக்கு என்று வைக்கப்படாத ஒரு கிளாஸைப் பயன்படுத்தினர். அது 76 எழுத்துகளுக்கு ஒருமுறை வரியை முறித்தது. கடவுச்சொல் குறுகியதாக இருந்தவரை எல்லாம் சரியாக நடந்தது. நீண்ட கடவுச்சொல் வைக்குமாறு பாதுகாப்பு விதி மாறியதும், மதிப்பின் நடுவே வரிமுறிவு புகுந்து ஹெடரைச் சிதைத்தது. வரிமுறிவை நூலகம் மறுப்பது அடிப்படைப் பாதுகாப்பு ஆகும். பயனர் தட்டச்சிட்ட உரையை அப்படியே ஹெடரில் வைக்கும் நிரலில், வரிமுறிவுக்குப் பின்னால் பயனர் விரும்பிய வேறொரு ஹெடரையே எழுதிவிட முடியும்.

தமிழ் எழுத்துகளைக் கையாளுவோர் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எச்டிடிபி-கிளையன்ட் 255-க்கு மேற்பட்ட குறியெண் கொண்ட எழுத்தை மதிப்பில் ஏற்பதில்லை. தமிழ் எழுத்துகள் அனைத்தும் அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டவை. கோப்பின் தமிழ்ப்பெயரையோ பயனரின் தமிழ்ப்பெயரையோ ஹெடரில் அனுப்ப வேண்டுமானால், யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக்கி, ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியோடு எழுத வேண்டும். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8187 இதற்கான முறையை வகுத்துள்ளது. ‘தமிழ்’ என்ற சொல் ஐந்து குறியெண்களால் ஆனது, அவை 15 பைட்டுகள், விழுக்காட்டு வடிவில் 45 எழுத்துகள். கோப்புப்பெயர் போன்றவற்றுக்கு இது போதும். நீண்ட தமிழ் உரையை ஹெடரில் வைக்க முற்படுவதைவிட அதை உடற்பகுதிக்கு மாற்றிவிடுவதே முறையானது.

ஒரு ஹெடரை எழுதுபவர் அதன் விளைவையும் ஏற்க வேண்டியிருக்கிறது. சுருக்கிய வடிவில் விடை வேண்டும் என்று அக்செப்ட்-என்கோடிங் ஹெடரில் ஜிசிப் என எழுதினால், ஜாவாவின் இரு கிளாஸ்களும் வரும் விடையைத் தாமாக விரித்துத் தருவதில்லை; விரிக்கும் ஓடையை நிரலாளரே இணைக்க வேண்டும். ஓகேஎச்டிடிபி நூலகம் இவ்வரியைத் தானே எழுதித் தானே விரித்துக்கொள்கிறது. ஆனால் நிரலாளர் அதே வரியைத் தம் கையால் எழுதிவிட்டால், பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பயனற்ற குறியீடுகளாகத் திரையில் நிறையும் மறுமொழியைக் கண்டு எழுத்துருப் பிழை என்று எண்ணி மணிக்கணக்கில் தேடுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் இருப்பவர்களே.

இரகசியம் தாங்கிய ஹெடரைப் பொறுத்தவரை, அது யாருக்குச் செல்கிறது என்பதே முதற்கேள்வி. சர்வர் ஒன்று வேறு முகவரிக்குப் போகுமாறு திருப்பிவிடும்போது, கையால் எழுதிய ஆதரைசேஷன் வரியும் புதிய முகவரிக்குத் தொடர்ந்து சென்றால், சான்று அந்நியரிடம் சேர்ந்துவிடும். உலகெங்கும் பயன்படும் கர்ல் கருவியிலேயே இக்குறை இருந்து, 2018 ஜனவரியில் 7.58.0 பதிப்பில் திருத்தப்பட்டது. ஜாவாவின் பழைய கிளாஸ் திருப்பங்களை இயல்பாகவே பின்தொடர்கிறது. புதிய கிளாஸ், வெளிப்படையாக அனுமதித்தாலன்றிப் பின்தொடர்வதில்லை. டோக்கனோடு அனுப்பும் கோரிக்கைகளுக்கு அவ்வியல்பை மாற்றாமல் விட்டு, திருப்பிவிடப்படும் முகவரியைச் சோதித்தபின் நிரலாளரே அடுத்த கோரிக்கையை எழுதுவது சற்றுக் கூடுதல் வேலையானாலும் செய்யத்தக்கது.

உண்மையில் எவ்வரிகள் சென்றன என்பதை அறிய நம்பத்தக்க வழி, நிரலின் கூற்றை ஏற்காமல் கம்பியின் மறுமுனையில் நின்று பார்ப்பதே. 6-ஆம் பதிப்பு முதல் ஜாவாவிலேயே உள்ள சிறு சர்வர் கிளாஸைக் கொண்டு, வரும் ஹெடர்களை அப்படியே அச்சிடும் சர்வர் ஒன்றைச் சில வரிகளில் எழுதி, நிரலை அதன்மீது ஏவினால் நூலகம் சேர்த்ததும் நீக்கியதும் கண்முன் தெரியும். மறையாக்கம் உள்ள இணைப்புகளில், எச்டிடிபி-கிளையன்ட்டின் ஹெடர்களை லாகில் பதியச் செய்யும் அமைப்பு விசையை நாடலாம். டோக்கனும் அதிலேயே பதியும் என்பதால், பயனர்கள் இயங்கும் சர்வரில் அதை இயக்கிவைத்து மறந்துவிடக்கூடாது.

இறுதியாக, பெரும்பாலோர் எழுதாமல் விடும் ஹெடர் ஒன்று உண்டு: கேட்கும் நிரல் எது என்று சொல்லும் யூசர்-ஏஜன்ட். எழுதாவிட்டால் ஜாவா தன் பெயரையும் பதிப்பெண்ணையும் மட்டும் நிரப்பி அனுப்புகிறது. தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட தளங்களை நடத்தும் விக்கிமீடியா, நிரலின் பெயரும் தொடர்புகொள்ளும் முகவரியும் இவ்வரியில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நூலகத்தின் பொதுப்பெயரோடு வரும் கோரிக்கைகள் மட்டுப்படுத்தப்படலாம் அல்லது மறுக்கப்படலாம். அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையமும் தன் ஆவணக்களஞ்சியத்துக்கு வரும் நிரல்கள் இவ்வாறே தம்மை அறிவிக்க வேண்டும் என்றும், நொடிக்கு 10 கோரிக்கைகளுக்கு மேல் கூடாது என்றும் வகுத்துள்ளது. இலவசமாகத் தரவு தரும் இத்தகைய அமைப்புகளின் பொறுப்பாளர்கள், தவறிச் சுழலும் நிரல் ஒன்றைக் கண்டால் அதை எழுதியவருக்குச் சொல்ல விரும்புகிறார்கள். முகவரி இல்லாதபோது தடுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. ஆகவே தமிழ்த் தரவுகளைத் திரட்டவும் தமிழுக்குக் கருவிகள் செய்யவும் முனையும் ஜாவா நிரலாளர்கள், வேறெந்த ஹெடரை எழுதுவதற்கு முன்பும் இந்த ஒரு வரியில் தம் நிரலின் உண்மைப் பெயரையும், கடிதம் வந்தால் படிக்கப்படும் ஒரு முகவரியையும் எழுதிவைக்க வேண்டும்.